ஜோசப் ராஜின் கேமராவும் என் சுண்டுவிரலும்

சித்தேரியில் தை மாதம் நன்றாகக் குளிரும், மேடம். கீழே அரூரில் வெறும் சட்டையோடு நின்று டீ குடித்த ஆளுக்கு, மலைமேல் போய் வண்டியை விட்டு இறங்கும்போது பல் தந்தியடிக்கும். அதனால் நான் எப்போதும் இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப்போவேன். ஒன்று எனக்கு, ஒன்று ஜோசப் ராஜுக்கு. அவன் மறந்துவிட்டுத்தான் வருவான் என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரியான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. உங்கள் வானியல் மன்றப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நட்சத்திரப் படத்தைச் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புகிறீர்கள். கேமராவில் என்னென்ன வைத்து எடுத்தது என்று படத்துக்குக் கீழே அச்சடிக்க வேண்டும். ஜோசப் ராஜிடம் கேட்டீர்கள். அவன், "எனக்குத் தெரியாதுங்க மேடம், எங்க அண்ணனைக் கேளுங்க, எல்லாம் அவருதான்" என்று என்னைக் கைகாட்டிவிட்டான். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நாலு எண்களைச் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அதனால்தான் கடையை அடைத்துவிட்டு உங்கள் கல்லூரிக்கே வந்தேன்.

என் பெயர் மரியசூசை. மாரண்டஹள்ளியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறேன். ஜோசப் ராஜ் என் சகலை. என் மனைவி ஞானமேரியின் தங்கை ஜெனிஷாவைக் கட்டியவன். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவன். இங்கே தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறான். "மூச்சை நல்லா இழுங்க, அப்பிடியே புடிங்க, அசையாதீங்க, இப்ப வுடுங்க" என்று நாளெல்லாம் சொல்வதுதான் அவன் வேலை. நல்ல பையன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். நான் சொன்னால் கொஞ்சம் கூடுதலாக நம்புவான்.

எங்கள் குடும்பத்தில் நட்சத்திரம் எடுக்கிறவர் என்றால் அது நான்தான். யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் ஆள் வராத நேரத்தில் நானே படித்து, நானே கெடுத்து, நானே கற்றுக்கொண்டேன். கேமராவைத் தானாக இயங்க விடக் கூடாது, எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டும். லென்ஸின் வாயை முழுதாகத் திறக்க வேண்டும். பதினெட்டு மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டரை இருபது வினாடி திறந்து வைக்கலாம். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் இழுபட்டுப் புழுவாகிவிடும். வெளிச்சத்தை உறிஞ்சுகிற ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறு. ஃபோகஸ் மட்டும் கையால்தான். திரையில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கிக்கொண்டு, அது ஊசிமுனையாகும்வரை வளையத்தைத் திருகி, அதன் பிறகு மூச்சு முட்டினாலும் அந்த வளையத்தைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் வித்தை. இதை நான் யாருக்கும் மறைத்ததில்லை. ஜோசப் ராஜ் கேமரா வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது, அவனுக்கும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

போன வருஷம் தை மாதம் அவனை முதன்முதலாகச் சித்தேரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆண்டி என்று ஒருவர் இருக்கிறார். சாமை விதைப்பவர். அறுப்பு முடிந்த அவருடைய காட்டு ஓரத்தில்தான் நான் வழக்கமாக டிரைபாடை நிறுத்துவேன். அன்றைக்கும் நிறுத்தினோம். நான் சொன்னபடியே எல்லாம் வைத்து, அவன் பொத்தானை அழுத்தினான். அவன் வாழ்நாளில் எடுத்த முதல் நட்சத்திரப் படம். அந்த இருபது வினாடிக்குள், புளியமரத்துக்கு நேர் மேலே, ஒரு எரிகல் மேலிருந்து கீழே கோடு கிழித்துக்கொண்டு விழுந்தது. படத்தின் நட்டநடுவில்.

நான் நாலு வருஷமாக அங்கே போய்க்கொண்டிருந்தேன், மேடம். எனக்கு ஒன்றும் விழுந்ததில்லை.

"அண்ணா, இது எப்பவும் இப்பிடித்தான் வருங்களா?" என்று கேட்டான்.

"வரும், தம்பி" என்றேன்.

மறுநாள் குடும்ப வாட்ஸாப்பில் அதைப் போட்டான். என் மாமியார் லூர்துமேரிக்கு எழுதப் பொறுமை இல்லை, குரலில்தான் பேசுவார். அந்தச் செய்தியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதனால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும். "சின்ன மாப்ள எடுத்ததுல நட்சத்திரம் நட்சத்திரமாவே இருக்குதுங்க. பெரிய மாப்ள எடுத்ததும் நல்லாத்தான் இருந்துச்சு, கருப்புத் துணியில உப்பைக் கொட்டிட்ட மாதிரி." அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் நான் சட்டம் போட்டுக் கொடுத்திருந்த படம் இருந்த ஆணியில் எரிகல் தொங்கியது. என் படம் அரிசி டிரம் மேல் இருந்தது. கரப்பான் நுழையாமல் இருக்க டிரம்முக்குச் சரியான மூடியாக அமைந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் யோசித்தேன். முதல் படத்திலேயே எரிகல் விழுந்தவன் கதி என்னாகும்? இது சுலபம் என்று நினைத்துக்கொள்வான். கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விடும். மூத்தவன் என்கிற முறையில் அவனுக்குக் கொஞ்சம் கஷ்டம் ஏற்பாடு செய்துகொடுப்பது என் கடமை என்று பட்டது.

அடுத்த முறை போனபோது அவன் ஒதுங்கப் போன நேரத்தில், அவன் கேமராவில் மூவாயிரத்து இருநூறை இருநூறு ஆக்கினேன். ஒரு சக்கரத்தை நாலு தடவை திருப்புகிற வேலைதான். வந்து எடுத்தான். திரை கரேலென்று இருந்தது.

"என்னங்கண்ணா, ஒண்ணுமே வுழல?"

"இருட்டு ஜாஸ்தியா இருக்குது, தம்பி."

அது பொய் இல்லை. இருட்டு அதிகமாகத்தான் இருந்தது. அவன் தலையாட்டிக்கொண்டு, அன்றைக்கு முழுக்க வெறும் கருப்பையே எடுத்தான். அவ்வப்போது, "இது முன்ன எடுத்தத விட கொஞ்சம் பரவால்லைங்களா?" என்று காட்டினான். பரவாயில்லை என்றேன். சின்னவர்களை உற்சாகப்படுத்த வேண்டும்.

கொஞ்ச நாளில் அவன் அந்த எண்ணைக் கவனிக்கக் கற்றுக்கொண்டான். அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? ஆகவே நான் ஃபோகஸுக்கு மாறினேன். இது இன்னும் நுணுக்கமான வேலை. லென்ஸ் வளையத்தைச் சுண்டுவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பார்த்தால் மாறினது தெரியாது. ஆனால் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் போண்டா மாதிரி உப்பிவிடும்.

"கண்ணு சரியில்லைங்களாண்ணா எனக்கு?" என்று அவனேதான் கேட்டான். நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஒருக்கா காட்டிப் பாத்துரு" என்று மட்டும் சொன்னேன். காட்டினான். கண் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். நல்லாருக்கிற கண்ணைப் பகலில் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும், ராத்திரியில் என்ன செய்கிறதென்று டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் கடைக்குப் போய், பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான். கண்ணாடி போட்ட பிறகு எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் அவனை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதை யாரால் வந்தது என்று நான் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை.

பிறகு டிரைபாட். ஷட்டர் திறந்திருக்கும்போது அதன் காலை என் கால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போதும், நட்சத்திரமெல்லாம் சேமியாவாகிவிடும். இதற்கு அவனிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவன் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன்.

"எக்ஸ்ரே எடுக்கறப்ப ஆளுங்கள ஏன் மூச்சைப் புடிக்கச் சொல்ற?"

"அசைஞ்சா படம் கலங்கிரும்ணா."

"நீ இங்க கேமரா பக்கத்துல நின்னுகிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுட்டுட்டு இருக்கிறியே."

அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் புரியாதது புரிந்துவிட்ட முகம். என் கையைப் பிடித்துக்கொண்டான். "நானே ஊருக்கெல்லாம் சொல்றேன், எனக்கே தோணல பாருங்கண்ணா" என்றான்.

அன்றிலிருந்து ஷட்டரை அழுத்திவிட்டு இருபது வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியும் சேமியா வரவே, மூச்சு முன்பக்கமாகத்தானே வருகிறது, திரும்பி நின்றால் கேமராவில் படாது என்று அவனே கண்டுபிடித்தான். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடலாம் என்பதையும் அவனே கண்டுபிடித்தான். கடைசியில் அவன் காட்டின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பான். நான் இந்தக் கோடியில் அவன் கேமராவோடு தனியாக இருப்பேன். வேலை செய்ய வசதியாக இருந்தது.

ஒரு நாள் ஜெனிஷா என் மனைவிக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "அக்கா, இவரு படுத்துக்கிட்டு மூச்சைப் புடிச்சிப் பழகறாருக்கா. எனக்குத் தெரியல. அசையாம கெடந்தாரு. நான் பயந்து போயி மூஞ்சியில ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திட்டேன். எதுக்குன்னு கேட்டா, நட்சத்திரத்துக்குன்னு சொல்றாரு."

போனை வைத்துவிட்டு ஞானமேரி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"பயிற்சி பண்ணறான். நல்லதுதான். நுரையீரலுக்கும் நல்லது" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அடுத்தது நிறம். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்காக வைத்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அன்றைக்குச் சித்தேரி வானம் முழுக்க ரோஸ்மில்க் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. ஜோசப் ராஜ் திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போது அவன் போட்டிருந்தது நான் எடுத்துப்போன ஸ்வெட்டர். சிவப்பு. உன் ஸ்வெட்டர் சாயம்தான் லென்ஸில் அடிக்கிறது என்று சொன்னேன். கழற்றிவிட்டான். காட்டின் அந்தக் கோடியில், பனியில், பனியனோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்வெட்டரை நான் வாங்கி என் ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொண்டேன். கீழே வைத்தால் ஈரமாகிவிடும்.

மறுநாளே அவனுக்குச் சளி பிடித்தது. இருமல் வந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது. அதையும் அவன் தன் தப்பாகவே எடுத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் மன்னித்தேன்.

சாட்சி யாராவது உண்டா என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டி உண்டு. ஒருமுறை நான் வளையத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறார். "ஏங்க, அது அவுரு பொட்டிதானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சரி பண்ணிக் குடுக்கறேன்."

"நீங்க தொடறதுக்கு முன்னாடி நல்லாத்தானுங்களே இருந்துச்சு? நான் பாத்தனே."

அடுத்த முறை நாங்கள் வேறு காட்டுக்குப் போனோம். அங்கே வானம் இன்னும் அகலமாகத் தெரிந்தது. ஆண்டியின் காட்டை விட்டதற்கு அதுதான் காரணம்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. நடுவில் மழை பெய்ததால் சில மாதம் ஓய்வு. மார்கழியில், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஜோசப் ராஜ் என் கடைக்கு வந்தான். கேமராவைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நான் இத்தோட வுட்டுடறேங்கண்ணா. எனக்கு வானம் ஒத்துவரல. மொத ஃபோட்டா ஏதோ குருட்டாம்போக்குல வந்துருச்சு. உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன்."

நான் ஆசைப்பட்டது இதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். டீக்கடைக்குச் சொல்லியனுப்பினேன். ஆனால் டீ வருவதற்குள் யோசனை வந்துவிட்டது. மாமியார் வீட்டு ஆணியில் அந்த எரிகல் இன்னும் தொங்குகிறது. இவன் இப்போது விட்டால், தோற்றுப்போனான் என்று யார் சொல்வார்கள்? ஒரே ஒரு படம் எடுத்தார், அதோடு நிறுத்திக்கொண்டார் என்பார்கள். நிறுத்திக்கொண்டவனுக்கு இந்த ஊரில் எப்போதும் மரியாதை அதிகம். அப்புறம் அந்தப் படத்தை ஆணியிலிருந்து ஆண்டவரே வந்தாலும் இறக்க முடியாது. ஆகவே அவனுக்குத் திறமை இல்லை என்பதை வெளியாள் யாராவது, படித்தவர்களாக, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் உங்கள் மன்றத்தின் போட்டி அறிவிப்பு வந்தது.

"அப்பிடியெல்லாம் மனசு வுடக்கூடாது, தம்பி. கடைசியா ஒருக்கா போலாம். நான் இருக்கறேன்" என்றேன்.

அவன் அழுதுவிட்டான். கடைக்கு வந்திருந்த ஆள் பைப்பை வாங்காமலே போய்விட்டார்.

தை பிறந்ததும் சித்தேரிக்குப் போனோம். நீங்கள் கேட்கிற படம் அன்றைக்கு எடுத்ததுதான், மேடம். இனிமேல் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இருட்டி ரொம்ப நேரம் ஆகவில்லை. கிழக்கே திருவாதிரை நன்றாக ஏறியிருந்தது. அதைச் சுற்றியுள்ள மிருகசீரிடக் கூட்டம் முழுக்கச் சட்டத்துக்குள் வரும்படி கேமராவைத் திருப்பினோம். லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர், அவன் புதிதாக வாங்கியது. ஐ.எஸ்.ஓ. நானூறு. நான் வைத்தேன். வாய் பாதித் திறப்பு. அதுவும் நான். ஷட்டரை வினாடிக் கணக்கில் வைக்கவில்லை. பொத்தானை நாம் விடும்வரை திறந்தே இருக்கும்படி வைத்து, அதற்கான ஒயரை என் கையில் வைத்துக்கொண்டேன். "இன்னிக்குக் குளுருக்கு நட்சத்திரமெல்லாம் மெதுவா வரும். நான் சொல்ற வரைக்கும் திரும்பாத" என்றேன். அவன் ஸ்வெட்டரைக் கேட்காமலே கழற்றிக் கொடுத்துவிட்டு, காட்டின் கோடிக்கு நடந்தான். ஷட்டரைத் திறந்தேன்.

முதலில் கொஞ்ச நேரம் நான் எதையும் தொடவில்லை. ஃபோகஸ் ஊசிமுனையாகத்தான் இருந்தது. நட்சத்திரங்கள் மெல்ல நகர்ந்து கோடாகிக்கொண்டிருந்திருக்கும். அந்த அமைதியில் மாமியாரின் குரல் ஞாபகம் வந்தது. உப்பு. சுண்டுவிரலால் வளையத்தை ஒரு தள்ளு தள்ளினேன். பிறகு அரிசி டிரம் ஞாபகம் வந்தது. இன்னொரு தள்ளு. ஞானமேரி ஒருநாள் எரிகல் படத்துக்கு முன்னால் நின்று, "கண்ண எடுக்கவே முடியலைல்ல?" என்று என்னிடமே கேட்டாள். அதற்கு ஒன்று. அந்த எரிகல்லே ஞாபகம் வந்தது, நாலு வருஷம் நான் அண்ணாந்து பார்த்து நின்றும் எனக்காக விழாதது. அதற்குக் கொஞ்சம் பெரிதாகவே தள்ளினேன்.

அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது. "அண்ணா, ஒரு வாட்டி மூச்சு வுட்டுட்டேன். பரவால்லைங்களா?"

"பரவால்ல. ஆனா கொஞ்சம் பாதிக்கும்."

"மன்னிச்சிருங்கண்ணா."

அந்த 'மன்னிச்சிருங்கண்ணா'வுக்கும் ஒரு தள்ளு. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் வளையம் அதற்கு மேல் நகராமல் முட்டி நின்றது. பொத்தானை விட்டேன்.

திரையில் வந்ததை அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். நட்சத்திரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் மெல்லிய கோடாகத் தொடங்கி, படிப்படியாக விரிந்து, ஊமத்தம்பூ மாதிரி வாயைத் திறந்து கிடந்தது. ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம், ஒன்று பால் மாதிரி. இதைவிட மோசமாக ஒரு படத்தை யாராலும் கெடுக்க முடியாது என்று எனக்கு நிறைவாக இருந்தது. ஜோசப் ராஜ் வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் பெயரில் அதைப் போட்டிக்கு அனுப்பியது நான்தான். என் பெயரில் நான் எடுத்த பால்வீதியை அனுப்பினேன். ஒரு குறை சொல்ல முடியாத படம்.

விழாவில் நீங்கள் பேசியது எனக்கு மனப்பாடம். நட்சத்திரத்தைப் புள்ளியாக எடுத்தால் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், புள்ளியை விரித்தால்தான் அதன் சொந்த நிறம் வெளியே வரும், ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்தி இதைச் செய்வது பெரிய கலைஞர்களின் முறை, திருவாதிரையின் செந்நிறத்தை நம் மாவட்டத்தில் இப்படி யாரும் காட்டியதில்லை என்றீர்கள். ஒவ்வொரு அடுக்கிலும் எடுத்தவரின் பொறுமை தெரிகிறது என்றும் சொன்னீர்கள். அது பொறுமை இல்லை, மேடம். ஆனால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததால் உங்களைத் திருத்த முடியவில்லை.

பிறகு ஜோசப் ராஜைப் பேசச் சொன்னீர்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உண்மையைத்தான் சொன்னான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி மூச்சைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். மீதியெல்லாம் மேல இருக்கறவரு பாத்துக்கிட்டாரு." மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்திலிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய தத்துவம்" என்றார். என் மாமியார் முதல் வரிசையிலிருந்து திரும்பி எல்லோரையும் பார்த்தார். மேலே இருப்பவர் என்று அவன் சொன்னது ஆண்டவரை. நான் மேலே இல்லை. பக்கத்தில் இருந்தேன்.

என் படத்துக்கும் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 'அமைப்புகள் சரியாக உள்ளன.' நன்றி.

அன்றைக்கு மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஞானமேரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலக்கோடு தாண்டியதும், "அவரு அந்தப் பக்கம் திரும்பி நின்னாருன்னா, இந்தப் பக்கம் யாரு இருந்தது?" என்று கேட்டாள். நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு வருசமா அந்த மனுசன் கண்ணு போச்சு, மூச்சு போச்சுன்னு அலைஞ்சாரே. ஜெனிஷா எத்தன நாளு அழுதாளு தெரியுமா? இதுக்குப் பேரு பொறாமைங்க" என்றாள். வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை. இன்றுவரை சாப்பாட்டைத் தட்டில் வைத்து டக்கென்று தள்ளுகிறாள்.

அந்த வார்த்தையை நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன், மேடம். பொறாமைக்காரன் என்றால் கேமராவை உடைத்திருப்பான். கிணற்றில் போட்டிருப்பான். நான் அதில் ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை. கைரேகையைத் துடைத்துத்தான் வைப்பேன். என் சகலையின் கண்ணையும், மூச்சையும், தூக்கத்தையும், தன்மேல் அவனுக்கிருந்த நம்பிக்கையையும் ஒரு வருஷம் நான்தான் கெடுத்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் செய்தேன். திரும்பத் திரும்பச் செய்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஏனென்றால், இதையெல்லாம் நான் செய்தேன் என்றால், அந்தப் படத்தையும் நான்தானே எடுத்தேன்? ஐ.எஸ்.ஓ. என்னுடையது. திறப்பு என்னுடையது. ஷட்டர் ஒயர் என் கையில் இருந்தது. படிப்படியான அந்த அடுக்குகள் எல்லாம் என் சுண்டுவிரல். சென்னையில் அதற்குக் கீழே இன்னொருத்தன் பெயர் இருந்தால் அது நியாயமா? பரிசுக் கேடயத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும். நான் ஆசைப்படுகிறவன் இல்லை. அச்சடிக்கும்போது மட்டும், 'படம்: மரியசூசை' என்று போட்டுவிடுங்கள். அவனையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். இடம் இருந்தால் கீழே சின்ன எழுத்தில், 'மூச்சு: ஜோசப் ராஜ்' என்று போடலாம்.

ஒரு வேண்டுகோள், இதெல்லாம் நம்மோடு இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை வண்டியில் கூட்டிவந்தது அவன்தான். கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறான். அவனைப் பற்றி உங்களிடம் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பெயர் மாறியதை அவன் பார்த்துக் கேட்டால், அச்சுப்பிழை என்று சொல்லிவிடுங்கள், நம்பிவிடுவான். உண்மையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் ரொம்ப மென்மையானவன், தாங்க மாட்டான். அவன் மனசு நோகும்படி இதுவரை நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.